ஐஸ்லாந்தில் படகேறித் திமிங்கலம் பார்க்க: முழுமையான வழிகாட்டி

ஐஸ்லாந்துக்குப் போகிறவர்களில் பலர், பயணத் திட்டத்தில் எங்காவது ஒரு மூன்று மணி நேரம் காலியாக இருப்பதைக் கண்டுபிடித்து, அதில் திமிங்கலப் படகைச் செருகிவிடுகிறார்கள். அன்றைக்குக் காற்று அடித்தால் படகு கிளம்பாது. மறுநாள் காலையில் வேறு ஊருக்கு ஓட்டல் பதிவாகியிருக்கும். அவ்வளவுதான், திமிங்கலம் போச்சு.

அதனால் எந்தக் கேமரா, எந்தக் கம்பெனி என்று மண்டையைக் குழப்பிக்கொள்ளும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: படகுக்காரர்கள் இருக்கும் ஊரில் இரண்டு இரவு தங்குவது. ஒரு நாள் படகுக்கு, இன்னொரு நாள் காற்றுக்கு. நீங்கள் அங்கே பார்க்கப்போவது அதிர்ஷ்டத்தை நம்பிய விளையாட்டு இல்லை. கோடையில் சரியான வளைகுடாவில் திமிங்கலம் இருக்கும். நீங்கள் கடலுக்குள் போக முடிகிறதா என்பதுதான் கேள்வி.

ஏன் அங்கே வருகின்றன

வட அட்லாண்டிக் கடலில் குளிர்காலம் முழுவதும் வெளிச்சம் குறைவு. புயல்கள் கடலைக் கலக்கி, அடியில் இருக்கும் சத்துகளை மேலே கொண்டுவருகின்றன. வசந்தத்தில் வெயில் விழுந்ததும் மிதவை உயிரிகள் ஒரேயடியாகப் பெருகும். அதைத் தின்னக் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர்கள், அதைத் தின்ன கேப்பலின் என்ற சிறு மீன்கள், ஹெர்ரிங் மீன்கள், கடைசியாகத் திமிங்கலங்கள். கூன்முதுகுத் திமிங்கலங்கள் கரீபியன் போன்ற வெதுவெதுப்பான கடல்களில் குட்டி போட்டுவிட்டு, அங்கே பெரும்பாலும் பட்டினி கிடந்து, கோடைக்கு வடக்கே சாப்பிட வருகின்றன. ஆக, நீங்கள் பார்ப்பது அவற்றின் சாப்பாட்டு நேரம். இதைப் புரிந்துகொண்டால் கடலில் எங்கே பார்ப்பது என்பதும் பாதி புரிந்துவிடும். மீன் இருக்கும் இடம், பறவை கூடும் இடம், திமிங்கலம் வரும் இடம் எல்லாம் ஒன்றுதான்.

முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

என் முதல் பரிந்துரை ஹூசாவிக். ஐஸ்லாந்தின் வடகரையில், ஸ்க்யால்ஃபாண்டி வளைகுடாவை ஒட்டிய சின்ன மீன்பிடி ஊர். மக்கள்தொகை மூவாயிரத்தைத் தொடாது. இரண்டு ஆறுகள் இந்த வளைகுடாவில் கலக்கின்றன, சத்துக்குக் குறைவில்லை. எதிர்க்கரையில் பனி படர்ந்த மலைத்தொடர். 1995இல் இங்கே பழைய ஓக் மர மீன்பிடிப் படகுகளைப் புதுப்பித்துத் திமிங்கலச் சவாரி தொடங்கினார்கள். இன்று ஊரின் பிழைப்பில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. கூன்முதுகுத் திமிங்கலத்தை நன்றாகப் பார்க்க வேண்டும், நீலத் திமிங்கலத்துக்கும் ஒரு வாய்ப்பு வேண்டும் என்றால் இங்கே போங்கள்.

அலைக்குப் பயப்படுகிறவர்களுக்கு, அதே வடகரையில் அக்குரேரி நகரத்தின் பக்கம் இருக்கும் எயாஃபியோர்துர் நல்லது. இருபக்கமும் மலை அணைத்த நீண்ட கடல் கால்வாய் அது. வெளிக்கடலின் ஆட்டம் அங்கே குறைவு. அக்குரேரி, டால்விக், ஹவுகானெஸ் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் படகு உண்டு. வயதான பெற்றோரையோ குழந்தைகளையோ அழைத்துப் போகிறீர்கள் என்றால் ஹூசாவிக்கைவிட இதையே சொல்வேன்.

ரேக்யவிக்கின் பழைய துறைமுகத்திலிருந்தும் படகு கிளம்புகிறது, அதுவும் வருடம் முழுவதும். தலைநகரத்தைவிட்டு நகர நேரமில்லாதவர்களுக்கு இது போதும். ஃபாக்ஸாஃப்ளோய் வளைகுடாவில் மிங்கி திமிங்கலம், டால்பின், சில சமயம் கூன்முதுகு என்று கலவையாகக் கிடைக்கும். ஆனால் காற்று நேராக உள்ளே அடிக்கும் திறந்த வளைகுடா அது. குளிர்காலத்தில் படகு ரத்தாவது சகஜம்.

ஓர்கா எனப்படும் கருப்பு வெள்ளைக் கொலைகாரத் திமிங்கலம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு இரண்டு வழி. ஐஸ்லாந்திலேயே மேற்கே ஸ்னைஃபெல்ஸ்னெஸ் தீபகற்பத்தில் ஓலாஃப்ஸ்விக் ஊர். அல்லது நார்வே. நவம்பர் முதல் ஜனவரி வரை வட நார்வேயில் ஷெர்வோய் தீவைச் சுற்றி ஹெர்ரிங் மீன்கூட்டம் வந்து அடையும். அதைத் தின்ன ஓர்காக்களும் கூன்முதுகுகளும் கூடும். ஒரு சிக்கல்: அதில் பெரும்பகுதி சூரியன் உதிக்காத காலம். வெளிச்சம் என்று சொல்லக்கூடியது நடுப்பகலில் சில மணி நேரம்தான். ட்ரொம்சோவிலிருந்து போய்வர ஒரு பகல் முழுக்கப் படகில் உட்கார வேண்டும். ஹெர்ரிங் கூட்டம் சில வருடங்களுக்கு ஒருமுறை இடம் மாறும், திமிங்கலங்களும் கூடவே மாறும். அதனால் பழைய பயணக் குறிப்புகளை நம்பி ஓட்டல் போட்டுவிடாதீர்கள்.

நார்வேயிலேயே ஆண்டெனெஸ் என்ற ஊர் எண்ணெய்த் திமிங்கலத்துக்கு (ஸ்பெர்ம் வேல்) பேர்போனது. கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல் ஆழமான பள்ளத்தாக்காக இறங்குகிறது. நீருக்கடி மைக்கை இறக்கி, திமிங்கலம் எழுப்பும் 'டிக் டிக்' சத்தத்தைக் கேட்டே எங்கே மேலே வரும் என்று கணிக்கிறார்கள். அங்கே இருப்பவை எல்லாம் ஆண்கள்தான். பெண்களும் குட்டிகளும் வெப்பக் கடலைவிட்டு இவ்வளவு வடக்கே வருவதில்லை.

இனி ஹூசாவிக்கை மனதில் வைத்தே சொல்கிறேன். மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

மாதம்

ஏப்ரல், மே: மலையில் பனி நிறைய, கூட்டம் குறைவு, குளிர் கடுமை. ஜூன், ஜூலைதான் உச்சம். கூன்முதுகு அநேகமாக நிச்சயம், ஜூனை ஒட்டிய வாரங்களில் நீலத் திமிங்கலத்துக்கும் வாய்ப்பு. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் மாலை எட்டு மணிப் படகுகூட ஓடும். பஃபின் பறவையும் பார்க்க வேண்டுமானால் ஆகஸ்ட் நடுவுக்குள் போய்விடுங்கள், அதற்கப்புறம் அவை கடலுக்குப் போய்விடும். செப்டம்பர், அக்டோபரில் திமிங்கலம் இருக்கும், ராத்திரியில் வடதுருவ ஒளியும் கிடைக்கலாம், ஆனால் வானிலை முரண்டு பிடிக்கும். குளிர்காலத்தில் ஹூசாவிக் படகுகள் பெரும்பாலும் ஓய்வெடுக்கும்.

போய்ச் சேர்வது

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் நேர் விமானம் கிடையாது. ஏதாவது ஐரோப்பிய நகரத்தில் மாறி, ஐஸ்லாந்தின் சர்வதேச விமான நிலையமான கெஃப்லாவிக்கில் இறங்க வேண்டும். ஷெங்கன் விசா தேவை. லண்டன், பாரிஸ், ஒஸ்லோவில் இருக்கும் நம்மவர்களுக்கு இது மூன்று நாலு மணி நேரப் பயணம்தான்.

பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதற்கு அடுத்தது. ஹூசாவிக்குக்குப் பக்கத்தில் இருக்கும் அக்குரேரிக்குப் போகும் உள்நாட்டு விமானங்கள் பொதுவாகக் கெஃப்லாவிக்கிலிருந்து கிளம்புவதில்லை. ரேக்யவிக் நகருக்குள் இருக்கும் சின்ன விமான நிலையத்திலிருந்துதான் கிளம்புகின்றன. இரண்டுக்கும் இடையே சுமார் 50 கிலோமீட்டர். இணைப்பு விமானம் என்று நினைத்து ஒன்றரை மணி நேர இடைவெளியில் டிக்கெட் போட்டால் தவறவிடுவது உறுதி. பறக்கும் நேரம் முக்கால் மணிதான். அங்கிருந்து ஹூசாவிக் ஒரு மணி நேரக் கார் ஓட்டம். வழியில் வாத்லஹெய்தி சுரங்கப்பாதை வரும். அங்கே சுங்கச்சாவடி எதுவும் இருக்காது, கட்டணத்தை இணையத்தில் நீங்களாகக் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் வாடகைக் கார் நிறுவனம் கூடுதல் தொகை சேர்த்து உங்கள் அட்டையில் பிடித்துக்கொள்ளும்.

ரேக்யவிக்கிலிருந்து காரிலேயே போவதானால் சுமார் 480 கிலோமீட்டர், நிறுத்தாமல் ஓட்டினால் ஆறு மணி நேரம். ஒரே நாளில் போய்ப் படகேறித் திரும்புவது வேண்டாத வேலை.

படகு

மூன்று வகை உண்டு. மர மீன்பிடிப் படகு மெதுவாகப் போகும், தளத்தில் நடமாடலாம், கூட்டம் அளவாக இருக்கும். சவாரி மூன்று மணி நேரம். முதல்முறை போகிறவர்களுக்கு இதுதான் சரி. சிலவற்றில் பாய்மரமும் உண்டு. 2015இல் ஓபல் என்ற பாய்மரக் கப்பலுக்கு மின்மோட்டார் பொருத்தினார்கள். இயந்திர இரைச்சல் இல்லாமல் திமிங்கலம் மூச்சு விடுவதைக் கேட்க முடியும் என்பது அதன் தனிச்சிறப்பு.

ரப்பர் வேகப் படகு இரண்டாவது. பன்னிரண்டு பேரைச் சுற்றி உட்காரவைத்து, தொலைவில் ஒரு திமிங்கலம் தெரிந்தால் சட்டென்று போய்விடும். நீர்மட்டத்துக்கு அருகிலேயே இருப்பீர்கள், படம் அருமையாக வரும். ஆனால் ஒவ்வோர் அலைக்கும் முதுகுத்தண்டு குலுங்கும். முதுகுவலிக்காரர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகளை ஏற்ற மாட்டார்கள். கழிப்பறையும் கிடையாது. டீ குடித்துவிட்டு ஏறாதீர்கள்.

மூன்றாவது, ரேக்யவிக்கில் ஓடும் பெரிய படகு. உள்ளே சூடான அறை, சிற்றுண்டி, கழிப்பறை எல்லாம் இருக்கும். சொகுசுதான். ஆனால் உள்ளே உட்கார்ந்தால் தலைசுற்றும், திமிங்கலமும் தெரியாது.

மரப்படகுக் கட்டணம் பெரியவர்களுக்கு 12,000 ஐஸ்லாந்து குரோனாவை ஒட்டி இருக்கும். நம் ரூபாயில் எட்டாயிரத்துக்கு முன்பின். ரப்பர் படகு அதைப்போல ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு. வருடா வருடம் ஏறும், பதிவு செய்யும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்றைப் பார்த்து நாளைக் குறியுங்கள்

மழையைவிட, குளிரைவிடக் காற்றுதான் முக்கியம். ஐஸ்லாந்து வானிலைத் துறையின் தளத்தில் காற்றின் வேகம் விநாடிக்கு இத்தனை மீட்டர் என்று போட்டிருக்கும். 5க்குள் இருந்தால் கடல் அமைதியாகக் கிடக்கும், தொலைவில் விடும் மூச்சுகூடத் தெரியும். 8ஐத் தாண்டினால் எங்கு பார்த்தாலும் அலைத்தலைகள் வெள்ளை வெள்ளையாக உடையும். ஒவ்வொரு நுரையும் திமிங்கலம்போலத் தெரியும், எது நிஜம் என்று கண்டுபிடிக்கப் பழகிய கண்ணுக்கே சிரமம். 10, 12 என்று ஏறினால் ரத்தாகும், அல்லது ரத்தாகியிருக்கலாம் என்று படகில் இருக்கும் எல்லோரும் நினைப்பார்கள்.

செய்ய வேண்டியது இது. ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலைப் படகுக்குப் பதிவு செய்யுங்கள். கோடையில் காலை நேரக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். முதல் நாள் மாலையே காற்றுக் கணிப்பைப் பாருங்கள். மோசம் என்றால் படகு அலுவலகத்துக்கு நேரில் போய் வேறு நேரத்துக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள். இரண்டு நாள் தங்குகிறவருக்கு அவர்கள் கூடுமானவரை உதவுவார்கள். வானிலையால் அவர்களே ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும், அல்லது வேறு நாளுக்கு மாற்றித் தருவார்கள்.

படகு ரத்தான நாள் வீணாகாது. ஹூசாவிக்கில் பழைய இறைச்சிக்கூடம் ஒன்றைத் திமிங்கல அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். 2010இல் கரையொதுங்கிய நீலத் திமிங்கலத்தின் எலும்புக்கூடு அங்கே இருக்கிறது, நீளம் 25 மீட்டர். அதன் ஓரமாக நடந்து பார்த்துவிட்டுக் கடலுக்குப் போனால், மேலே தெரியும் கொஞ்சம் முதுகுக்குக் கீழே எவ்வளவு உடம்பு இருக்கிறது என்று மனதில் கணக்குப் போட முடியும்.

உடுப்பும் வயிறும்

ஜூலையில் கரையில் 10, 12 டிகிரி இருக்கலாம். படகு நகர ஆரம்பித்ததும் குளிர் எலும்பைத் தொடும். ஹூசாவிக் படகுகளில் தடித்த முழு உடை ஒன்று தருவார்கள், உங்கள் துணிக்கு மேலே போட்டுக்கொள்ளலாம். அதை நம்பி டி-ஷர்ட்டோடு போகக்கூடாது. உள்ளே ஒட்டினாற்போலக் கம்பளி அல்லது தெர்மல், மேலே ஸ்வெட்டர், காதை மூடும் குல்லா, கையுறை, இரட்டைச் சாக்ஸ். பருத்தியும் ஜீன்ஸும் நனைந்தால் காயாது, தவிர்த்துவிடுங்கள். கையுறையில் கவனம் வையுங்கள். கேமராவைப் பிடிக்கும் விரல்தான் முதலில் மரத்துப்போகும்.

கடல் மயக்கத்துக்கு மாத்திரை வேண்டும் என்றால் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னாலாவது போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. நம்மூர் அவோமின் வேலை செய்யும், ஆனால் தூக்கம் வரும். படகுக்கு அப்புறம் கார் ஓட்டப்போகிறவர் அதை யோசிக்க வேண்டும். வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கொஞ்சம் இஞ்சி மரப்பா கொண்டுபோய்ச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டால் கைகொடுக்கும். வெறும் வயிறும் ஆகாது, முட்ட முட்டச் சாப்பிடுவதும் ஆகாது. ரெண்டு ரொட்டி, ஒரு வாழைப்பழம் போதும். திரும்பும் வழியில் சூடான சாக்லேட்டும் இலவங்கப்பட்டை ரொட்டியும் தருவார்கள். அதில் மாமிசம் இல்லை.

குமட்டல் வந்தால் உள்ளே ஓடாதீர்கள். படகின் நடுப்பகுதிக்கு வாருங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. புகைபோக்கியின் டீசல் வாடை படாத இடமாகப் பார்த்து நின்று, தொடுவானத்தையே பாருங்கள். போனை உள்ளே வையுங்கள்.

கடலில் எப்படிப் பார்ப்பது

திசையைக் கடிகாரமாகச் சொல்வார்கள். படகின் மூக்கு 12 மணி, வலதுபக்கம் 3, பின்புறம் 6, இடதுபக்கம் 9. "இரண்டு மணியில் மூச்சு!" என்று வழிகாட்டி கத்தினால், வலதுமுன்பக்கம் பாருங்கள். இதை ஏறும்போதே மனதில் பதித்துக்கொள்ளாதவர்கள் முதல் திமிங்கலத்தைத் தவறவிடுவார்கள்.

தேட வேண்டியது திமிங்கலத்தை இல்லை, அதன் அடையாளங்களை. கடற்காகங்களும் கிட்டிவேக் என்ற சிறு கடற்பறவைகளும் ஓரிடத்தில் கூடிக் கத்திக்கொண்டு நீரில் விழுகின்றனவா? கீழே மீன் இருக்கிறது. தொடுவானத்துக்கு முன்னால் வெள்ளையாக ஒரு புகை எழுந்து கலைகிறதா? அது மூச்சு. கலங்கிய கடலில் ஒரு வட்டம் மட்டும் கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்கிறதா? சற்றுமுன் வால் அடித்துக் கீழே போன இடம் அது.

கூன்முதுகு மேலே வந்தால் ஒரு முறையோடு வரும். முதலில் மூச்சு, 'புஸ்ஸ்' என்று அழுத்தத்தில் காற்று பீறிடும் ஓசை. அருகில் இருந்தால் இரண்டு மூக்குத் துளைகளும் திறந்து மூடுவது தெரியும், அழுகிய மீன் வாடையோடு தூறல் முகத்தில் விழும். கறுத்த முதுகு உருண்டு போகும், சின்ன முதுகுத்துடுப்பு தெரிந்து மறையும். சில விநாடி கழித்து மறுபடி மூச்சு. இப்படி மூன்று நாலு முறை. அப்புறம் முதுகு வழக்கத்தைவிட உயரமாக வளையும். அப்போது கேமராவைத் தூக்குங்கள். அடுத்த நொடி வால் முழுதாக மேலே எழும்பி, நீர் சொட்டச் சொட்ட நேராக இறங்கும். இனி ஐந்து முதல் பத்து நிமிடம் ஆளைக் காணாது. அந்த நேரத்தில் பலர் உள்ளே போய்விடுகிறார்கள். நீங்கள் போகாதீர்கள், எங்கே வரும் என்று தெரியாது, படகின் மறுபக்கத்தில்கூட வரலாம்.

எது எந்தத் திமிங்கலம்

கூன்முதுகு 12 முதல் 16 மீட்டர் இருக்கும். புதர்போன்ற மூச்சு, வாலைத் தூக்கும், மனமிருந்தால் உடலோடு துள்ளவும் செய்யும். மிங்கி சின்னது, 7 முதல் 9 மீட்டர். மூச்சு கண்ணுக்குத் தெரியாது, வாலைத் தூக்காது, கூர்மையான முதுகுத்துடுப்பு ஒன்று எழுந்து மறைந்துவிடும். அதன் மூச்சு வாடை மாலுமிகளிடையே பிரசித்தம்.

நீலத் திமிங்கலத்தின் மூச்சு ஒரு தூண். ஒன்பது மீட்டருக்கும் மேலே நேராக எழும். பிறகு முதுகு வரும், வந்துகொண்டே இருக்கும், கடைசியில்தான் துண்டு போலத் துடுப்பு. இதைக் கண்டால் வழிகாட்டியின் குரலே மாறிவிடும். இங்கே ஓர் இடைச்செருகல்: நீலத் திமிங்கலம் மட்டும்தான் இலக்கு என்றால் ஐஸ்லாந்துவரை போக வேண்டியதில்லை. இலங்கையில் திருகோணமலையிலும் மிரிஸ்ஸவிலும் அதைப் பார்க்கும் வாய்ப்பு நன்றாகவே உண்டு, செலவும் பல மடங்கு குறைவு. வட அட்லாண்டிக்கின் தனிச்சிறப்பு கூன்முதுகும் அது இரை பிடிக்கும் விதமும்தான்.

டால்பின்களில் இங்கே அதிகம் வெள்ளை மூக்கு டால்பின். நம் கடற்கரையில் ஓங்கில் என்று சொல்லும் இனங்களைவிடத் தடித்த உடம்பு, குளிருக்கேற்ற கொழுப்பு. கூட்டமாக வந்து படகின் மூக்குக்கு முன்னால் எழும் அலையில் சவாரி செய்யும். வந்தால் முன்பக்கம் போய் நேர் கீழே எட்டிப்பாருங்கள். பார்ப்பாய்ஸ் என்ற ஒன்றரை மீட்டர்ச் சிறு இனமும் உண்டு. கூச்ச சுபாவம், முதுகைக் காட்டிவிட்டு ஓடிவிடும்.

படம் எடுப்பது

ஷட்டர் வேகம் 1/1000 அல்லது அதற்கும் மேல், தொடர்ச்சியாக எடுக்கும் முறை, 70-200 அல்லது 100-400 லென்ஸ். முக்காலி வேண்டாம், படகில் அது இடைஞ்சல். போன் மட்டும் இருந்தால் பெரிதாக்காமல் வீடியோ எடுங்கள், அப்புறம் வீட்டில் வெட்டிக்கொள்ளலாம். மணிக்கட்டில் கயிறு அவசியம். கடலில் விழுந்த போன் திரும்பாது.

வாலின் அடிப்பக்கத்தைத் தெளிவாக எடுக்கப் பாருங்கள். அதில் இருக்கும் கருப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொரு கூன்முதுகுக்கும் வேறு. ஹாப்பிவேல் என்ற தளத்தில் அந்தப் படத்தை ஏற்றினால், மற்ற படங்களோடு ஒப்பிட்டு அது ஏற்கனவே பதிவான திமிங்கலமா, வேறு எங்கெல்லாம் தென்பட்டிருக்கிறது என்று சொல்வார்கள். ஆராய்ச்சிக்கும் அது உதவுகிறது.

ஒன்றும் தெரியாவிட்டால்

பெரும்பாலான நிறுவனங்கள், ஒரு திமிங்கலமோ டால்பினோ கண்ணில் படாவிட்டால் இன்னொரு சவாரிக்கு இலவசச் சீட்டு தருகின்றன. ஒரு பார்ப்பாய்ஸ் தெரிந்தாலும் 'பார்த்தாச்சு' கணக்கில் சேர்த்துவிடுகிறார்களா என்பதை முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இலவசச் சீட்டைப் பயன்படுத்தத்தான் இரண்டாவது நாள்.

நல்ல படகோட்டி திமிங்கலத்தைத் துரத்த மாட்டார். வேகத்தைக் குறைத்து, பக்கவாட்டில் நின்று, அது வரட்டும் என்று காத்திருப்பார். ஐஸ்வேல் என்ற சங்கம் இதற்கு விதிமுறை வகுத்திருக்கிறது. பதிவு செய்யும் நிறுவனம் அதில் உறுப்பினரா என்று பாருங்கள். "இன்னும் பக்கத்தில் போங்கள்" என்று கேட்டு நச்சரிக்கும் பயணிகளால்தான் விதிகள் மீறப்படுகின்றன.

கடைசியாகச் சாப்பாட்டு மேசை. உலகளவில் 1986 முதல் வணிகத் திமிங்கல வேட்டைக்குத் தடை நடைமுறையில் இருந்தும், ஐஸ்லாந்து 2006இல் அதை மீண்டும் தொடங்கியது. சில உணவகங்களில் மிங்கி இறைச்சி இன்னும் கிடைக்கும். 'ஒருமுறை ருசித்துப் பார்ப்போமே' என்று கேட்பது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்தான் என்று படகுக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்கிறார்கள். திமிங்கலம் பார்த்த பசிக்கு அங்கே ஆட்டுக்கறி சூப் நன்றாக இருக்கும், மீனும் புதிது, சைவம் என்றால் காளான் சூப் கேளுங்கள்.